பாட்டியின் பத்துக் காசை அமெரிக்காவுக்கு அனுப்பலாமா?

"உங்கள் வீட்டில் இந்தக் காசு இருந்தால் நீங்கள் பணக்காரர்!" இப்படித் தொடங்கும் காணொளி ஒன்றாவது இந்த மாதத்தில் உங்கள் கைப்பேசிக்கு வந்திருக்கும். ஒரு பழைய 50 சென்னைச் சுழற்றிக் காட்டுவார்கள். சிவப்பு வட்டம் போட்டு எதையோ குறித்துக் காட்டுவார்கள். கீழே 5,000 வெள்ளி, 20,000 வெள்ளி என்று விலை ஓடும்.

நான் கோல சிலாங்கூரில் மாலை வேளைகளில் கணிதம் சொல்லிக் கொடுக்கிறேன். பழைய காசு சேர்க்கும் பழக்கமும் உண்டு. இரண்டும் தெரிந்ததால், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரத்துப் பிள்ளைகள் அந்தக் காணொளியைப் பார்த்த மறுநாள் எனக்குப் படம் அனுப்புகிறார்கள். தோட்டத்து லயங்களில் இருந்து குடும்பங்கள் தாமான் வீடுகளுக்கு மாறும்போது, பரண் மேல் கிடந்த மைலோ டின்னும் பால்மாவு டின்னும் கீழே இறங்குகின்றன. உள்ளே காசு. அதில் ஏதோ ஒன்று வளைந்தோ, தேய்ந்தோ, பாதிப் படம் இல்லாமலோ இருக்கும். படத்தோடு வரும் கேள்வியும் ஒன்றுதான்: "சார், இதைக் கிரேடிங் அனுப்பலாமா?"

பெரும்பாலும் என் பதில் "வேண்டாம்" என்பதே. ஆனால் அந்த "வேண்டாம்" எப்படி வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், "அனுப்பு" என்று சொல்ல வேண்டிய அபூர்வமான காசு கையில் கிடைக்கும்போது அதைக் கோட்டை விடமாட்டீர்கள். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

கிரேடிங் என்றால் என்ன?

காசு வியாபாரத்தில் ஒரு பழைய சண்டை உண்டு. விற்பவர் "புத்தம் புதுசு மாதிரி இருக்கு" என்பார். வாங்குபவர் அதே காசைப் பார்த்து "தேய்ஞ்சு போச்சு" என்பார். 1949இல் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர், பழைய அமெரிக்கச் செப்புக் காசுகளின் நிலையைக் குறிக்க 1 முதல் 70 வரை ஓர் எண் அளவுகோல் கொடுத்தார். அடையாளம் மட்டும் தெரியும் அளவுக்குத் தேய்ந்தது 1. குறையே இல்லாதது 70. இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு, வாங்குபவரும் விற்பவரும் அல்லாத மூன்றாம் தரப்பாக நின்று தரம் சொல்லும் நிறுவனங்கள் பிறகு வந்தன. அவற்றில் பெரியவை இரண்டு. 1986இல் வேலையைத் தொடங்கிய பிசிஜிஎஸ் கலிபோர்னியாவிலும், 1987இல் தொடங்கிய என்ஜிசி ஃபுளோரிடாவிலும் இருக்கின்றன. காசைப் பரிசோதித்து, தரம் எழுதி, திறக்க முடியாத கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் திருப்பி அனுப்புவார்கள்.

இங்கே பலரும் குழம்பும் இடம் ஒன்று இருக்கிறது. பெட்டியில் எழுதும் எண் காசின் நிலையைச் சொல்கிறதே தவிர, அதன் அருமையைச் சொல்வதில்லை. 2012இல் வந்த பத்துக் காசு ஒன்று 67 வாங்கலாம். அதனால் அது அரிய காசு ஆகிவிடாது. அதைப்போல் கோடிக்கணக்கில் நாட்டில் புழங்குகின்றன. பிழைக் காசு என்றால் அந்தப் பிழை எது என்று சீட்டில் எழுதச் சொல்லித் தனியாகக் கேட்க வேண்டும். அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு. கேட்காமல் அனுப்பினால், பிழையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாமல் வெறும் தர எண்ணோடு காசு திரும்பி வரக்கூடும்.

இன்னொன்று: அந்த நிறுவனங்கள் உங்கள் காசை வாங்கிக்கொள்வதில்லை. இது நிஜமா, இது பிழையா, இது என்ன நிலை என்ற மூன்று கேள்விக்கு மட்டும் பதில் சொல்வார்கள். காசு கொடுத்து வாங்க யாராவது வேண்டும். அந்த ஆளைத் தேடும் வேலை உங்களுடையது.

முதலில், அது பிழைதானா?

நம் சென் காசுகள் ஷா ஆலாமில் இருக்கும் பேங்க் நெகாராவின் நாணயச் சாலையில் அடிக்கப்படுபவை. வேலை எளிமையானது. ஒரு வட்டத் தகடு. மேலே ஓர் அச்சு, கீழே ஓர் அச்சு. சுற்றிலும் தகடு விரிந்து போகாமல் தடுக்க ஒரு வளையம். மேலச்சு பலத்த விசையோடு இறங்கும். இரண்டு பக்கமும் ஒரே அடியில் பதிந்துவிடும். வளையத்தின் உட்புறம் இருக்கும் வரிகள் காசின் விளிம்பில் விழும். ஆகவே உண்மையான பிழை மூன்று இடத்தில்தான் பிறக்க முடியும்: தகட்டில், அச்சில், அல்லது அடிக்கும் நேரத்தில். உங்கள் காசில் இருக்கும் கோளாறு இந்த மூன்றில் எதனால் வந்தது என்று உங்களால் விளக்க முடியவில்லையா? அப்படியானால் அது நாணயச் சாலையை விட்டு வெளியேறிய பிறகு பட்ட காயமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

காயங்களின் பட்டியல் நீளம். தண்டவாளத்தில் வைத்து நசுக்கியது, சாவிக்கொத்துக்காகத் துளை போட்டது, உரமூட்டைக்குக் கீழே கிடந்து அரித்தது என்று எத்தனையோ பார்த்துவிட்டேன். அண்மைக் காலமாக எனக்கு அதிகம் வருவது டோபிக் கடைக் காசு. துணி உலர்த்தும் இயந்திரத்தின் உள்ளே ஒரு காசு மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உருண்டால், அதன் விளிம்பு உள்நோக்கி மடிந்து தடித்துவிடும். காசு சற்றே சிறிதாகி, எழுத்துகள் விளிம்புக்குள் புதைந்தது போலத் தெரியும். பார்ப்பதற்கு அசல் பிழை போலவே இருக்கும். அமெரிக்கச் சேகரிப்பாளர்களும் இதே காசால் ஏமாந்து, அதற்கு "உலர்த்திக் காசு" என்று பெயரே வைத்திருக்கிறார்கள்.

இரட்டை எழுத்தும் அப்படித்தான். எழுத்தின் ஓரத்தில் ஒரு தட்டையான படி போலத் தெரிந்தால், அது அச்சு இறங்கும்போது லேசாக அசைந்ததன் விளைவு. ஏராளமான காசுகளில் இருக்கும். அதற்கு யாரும் கூடுதல் விலை கொடுப்பதில்லை.

வடிவமைப்பு மாற்றத்தைப் பிழை என்று நம்புவதும் உண்டு. 1989 செப்டம்பர் 4இல் வெளிவந்த செம்பருத்தி வரிசையில் கிரீஸ் படம் போட்ட ஒரு வெள்ளிக் காசு இருந்தது. தொடக்க ஆண்டுகளில் அதில் டாலர் குறி இருக்கும். 1993க்குப் பிறகு ரிங்கிட் என்று எழுத்தில் வரும். டாலர் குறி இருப்பதால் அது பிழைக் காசு என்று ஒரு காணொளி சுற்றியது. பிழை இல்லை, திட்டமிட்ட மாற்றம். கள்ளக்காசு பெருகிப்போனதால் 2005 டிசம்பர் 7 முதல் அந்த ஒரு வெள்ளிக் காசே செல்லாது என்று ஆனது. இன்று அதைக் கடையில் மாற்றவும் முடியாது. நினைவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

மஞ்சள் துணியில் இருந்த காசு

சென்ற ஆண்டு புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத்தில் இருந்து ஒரு மாணவி வந்தாள். எஸ்.பி.எம். முடித்துப் பொலிடெக்னிக்கில் இடம் கிடைத்திருந்தது. மடிக்கணினி வாங்கப் பணம் தேவைப்பட்டது. அவள் பாட்டியின் பெட்டியில் மஞ்சள் துணியில் முடிந்த ஒரு பத்துக் காசு இருந்தது. பழைய வரிசை, ஒரு பக்கம் நாடாளுமன்றக் கட்டடம். ஆனால் அந்தக் கட்டடம் நடுவில் இல்லை. ஒரு பக்கமாகத் தள்ளிப் போயிருந்தது. எதிர்ப்பக்கம் பிறை நிலா போல வெறுமையாக இருந்தது.

படத்தைப் பார்த்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தகடு வளையத்துக்குள் சரியாக உட்காராமல் பாதி வெளியே இருக்கும்போது அச்சு இறங்கினால் இப்படித்தான் ஆகும். இதைச் சேகரிப்பாளர்கள் மையம் விலகிய காசு என்பார்கள். ஆனால் அரத்தால் தேய்த்தும் இப்படி ஒரு வெறுமையை உண்டாக்க முடியும். ஆகவே மூன்று காரியம் பார்த்தோம். காசைத் திருப்பிப் பார்த்தோம்: பின்பக்கத்திலும் அதே இடத்தில் வெறுமை இருந்தது. ஒரே அடியில் இரண்டு பக்கமும் பதிவதால் அது அப்படித்தான் இருக்க வேண்டும். விளிம்பைப் பார்த்தோம்: வெறுமையான பகுதியில் வரிகள் இல்லை, வளையம் அங்கே தொடவில்லை. பட்டணத்து நகைக்கடையில் சொல்லி, அதே வரிசையின் சாதாரணப் பத்துக் காசு ஒன்றோடு சேர்த்து எடை போட்டோம். எடை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. அரம் போட்டிருந்தால் உலோகம் குறைந்திருக்கும்.

அசல் பிழை என்று நான் நம்புகிறேன். அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப அனுப்பிடலாமா சார்?" என்றாள்.

அதற்குள் இன்னொரு காரியம் நடந்திருந்தது. அவள் காசின் படத்தை முகநூலில் போட்டிருக்கிறாள். இரண்டு மணி நேரத்தில் ஒருவர் அழைத்து, 8,000 வெள்ளிக்கு வாங்கிக்கொள்வதாகவும், முதலில் "பதிவுக் கட்டணம்" 250 வெள்ளியை ஒரு கணக்கில் போடச் சொல்லியும் பேசியிருக்கிறார். பணம் கொடுத்து வாங்குகிறவர் உங்களிடம் எதற்காகப் பணம் கேட்கிறார்? இதே மோசடி இந்தியாவில் வைஷ்ணவ தேவி படம் போட்ட காசு, பழைய ரூபாய் நோட்டு என்று சொல்லி அவ்வளவு பரவியதால், 2021 ஆகஸ்டில் இந்திய ரிசர்வ் வங்கியே எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று. பழைய காசு, நோட்டு வாங்கி விற்பதற்கென்று தாங்கள் எந்தக் கட்டணமும் கேட்பதில்லை, யாருக்கும் அப்படி அதிகாரம் கொடுக்கவும் இல்லை என்று சொன்னது. இங்கே யாராவது ஏற்கெனவே பணம் போட்டுவிட்டால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 997 என்ற தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண்ணுக்கு அழைக்க வேண்டும். நேரம் கடந்தால் பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவிவிடும். நல்ல வேளை, இவள் பணம் போடுவதற்கு முன்பே என்னிடம் வந்துவிட்டாள்.

அடுத்து நிதானமாகப் பாட்டியைப் போய்ப் பார்த்தேன். காசின் வரலாறு தெரிய வேண்டும் அல்லவா? பாட்டி சொன்ன கதை இது. மாணவியின் அம்மா குழந்தையாக இருந்தபோது கடும் காய்ச்சல். பத்துமலைக்கு நேர்ந்துகொண்டு, கையில் அகப்பட்ட காசை மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருக்கிறார். காய்ச்சல் இறங்கி, நேர்த்திக்கடன் செலுத்தப் போகும்போது துணியை அவிழ்த்துப் பார்த்தால், காசு கோணலாக இருந்திருக்கிறது. "ஊனப்பட்ட காசை முருகனுக்குப் போடலாமா? அதனால வேற காசு போட்டுட்டு இதை நானே வச்சிக்கிட்டேன் தம்பி" என்றார். அந்தக் காசு கைமாறிக் கரைந்து போகாமல் இருந்த காரணம் அதுதான்.

பிறகு சாதாரணமாக இன்னொன்றும் சொன்னார். "வருசா வருசம் கார்த்திகைக்குக் குத்துவிளக்கு தேய்க்கும்போது இதையும் புளி போட்டுத் தேய்ச்சிடுவேன். பளிச்சுனு இருக்கணும்ல?"

எனக்கு உள்ளே ஏதோ இறங்கியது. பாட்டியிடம் காட்டிக்கொள்ளவில்லை.

புளி, சாம்பல், எலுமிச்சை, பற்பசை எதுவானாலும் காசின் மேற்பரப்பை நுணுக்கமாகக் கீறிவிடும் அல்லது அரித்துவிடும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கோடுகள் தெரியும். தரம் பார்ப்பவர்கள் முதலில் தேடுவதே அதைத்தான். அப்படிக் கண்டால் 1 முதல் 70 வரையான எண்ணைத் தரமாட்டார்கள். "அசல்தான், ஆனால் சுத்தம் செய்யப்பட்டது" என்ற பொருளில் சீட்டு எழுதி அனுப்புவார்கள். கட்டணம் அதே கட்டணம்தான். வாங்குபவர்கள் அப்படிப்பட்ட காசுக்குக் குறைத்துத்தான் கொடுப்பார்கள். மாணவர்களே, வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: கண்டெடுத்த காசைக் கழுவாதீர்கள். அழுக்கோடு இருக்கட்டும்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம்

கோலாலம்பூரில் காசு வியாபாரி ஒருவருக்குப் படம் அனுப்பிக் கேட்டோம். அப்படியே கொடுத்தால் 80 வெள்ளி தருவதாகச் சொன்னார். இனி, கிரேடிங் அனுப்பினால் என்ன ஆகும்? கட்டணம் அமெரிக்க டாலரில். பிழையைக் குறிக்கத் தனித் தொகை. நிறுவனத்தில் உறுப்பினராக இருக்க வேண்டும், அல்லது அங்கீகாரம் பெற்ற வியாபாரி வழியாக அனுப்ப வேண்டும். அவருக்கும் ஒரு தொகை. போக வர காப்புறுதியோடு அஞ்சல் செலவு. இந்தத் தொகைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுபவை. அனுப்பும் அன்று நிறுவனத்தின் கட்டணப் பட்டியலைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். வழிமுறை புரிவதற்காக மட்டும், எல்லாம் சேர்த்து 200 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். நல்ல தர எண்ணோடும் பிழைக் குறிப்போடும் வந்தால் 350 வெள்ளிக்கு விற்கலாம் என்றும், "சுத்தம் செய்யப்பட்டது" என்று வந்தால் 120 வெள்ளிக்கு விற்கலாம் என்றும் வைத்துக்கொள்வோம்.

பள்ளியில் "கெபாராங்காலியான்" என்று படிக்கிறீர்களே, அந்த நிகழ்தகவு இங்கேதான் உதவுகிறது. நல்ல தரம் கிடைக்கும் நிகழ்தகவை ப என்று கொள்வோம். அனுப்பினால் சராசரியாகக் கையில் நிற்பது: 350ஐப் பவால் பெருக்கி, 120ஐ ஒன்று கழித்தல் பவால் பெருக்கி, இரண்டையும் கூட்டி, அதில் 200ஐக் கழித்தால் வருவது. அனுப்பாவிட்டால் கிடைப்பது 80. இரண்டும் சமமாக வேண்டுமானால் 230 ப = 160; அதாவது ப ஏறக்குறைய 0.7.

பொருள் என்ன? இதைப் போன்ற காசு பத்தை அனுப்பினால் ஏழாவது நல்ல தரத்தோடு வர வேண்டும். அப்போதும் லாபம் இல்லை. நஷ்டம் இல்லாமல் தப்பிக்கலாம், அவ்வளவே. ஆண்டுதோறும் புளியில் குளித்த காசுக்கு அந்த நம்பிக்கையை வைக்க முடியுமா? அவளே பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

ஆனால் அதே கணக்கில் எண்ணை மாற்றிப் பாருங்கள். வேறொரு காசு, அப்படியே விற்றால் 600, நல்ல தரத்தோடு 2,000, குறைக் குறிப்போடு வந்தாலும் 900, செலவு அதே 200 என்று இருக்கட்டும். இப்போது மிக மோசமான முடிவு வந்தாலும் கையில் 700 நிற்கிறது. 600ஐவிட அதிகம். அங்கே யோசிக்கவே வேண்டாம், அனுப்ப வேண்டும். விலை ஏற ஏற, வாங்குபவரின் பயமும் ஏறுகிறது. "போலியாக இருக்குமோ" என்ற அந்தப் பயத்தைப் போக்கத்தான் அவர் பெட்டிக்குக் கூடுதலாகக் கொடுக்கிறார். எண்பது வெள்ளிக் காசில் யாருக்கும் அவ்வளவு பயம் இல்லை. விற்கும் எண்ணமே இல்லாத காசுக்கு இந்தக் கணக்கே தேவையில்லை. யாருடைய பயத்தைப் போக்க அந்தச் செலவு?

நாலைந்து பேர் சேர்ந்து ஒரே பொட்டலமாக அனுப்பினால் அஞ்சல் செலவு பங்காகும். மேலே சொன்ன 200, 140 ஆகக் குறைந்தால், தேவையான நிகழ்தகவு 0.7இல் இருந்து 0.43க்கு இறங்கிவிடும். கழுவப்படாத காசு வைத்திருக்கும் நண்பர்கள் இதை யோசிக்கலாம்.

அசல் பிழை என்று உறுதியானாலே பெரும்பணம் வரும் என்பதும் இல்லை. 2008இல் பிரிட்டனில் 20 பென்ஸ் காசின் வடிவம் மாறியது. அதுவரை பின்பக்கத்தில் இருந்த ஆண்டு எண், அரசியின் படம் இருக்கும் பக்கத்துக்கு மாற்றப்பட்டது. நாணயச் சாலையில் பழைய முன்பக்க அச்சையும் புதிய பின்பக்க அச்சையும் தவறுதலாகச் சேர்த்து மாட்டிவிட்டார்கள். விளைவு, ஆண்டே இல்லாத காசு. பிழையை நாணயச் சாலையே ஒப்புக்கொண்டது. ஒரு தனியார் நிறுவனம் ஒரு காசுக்கு 50 பவுன் தருவதாக அறிவித்தது. நாடு முழுவதும் சில்லறையைக் கொட்டிப் பார்த்தது. ஆனால் அப்படிப்பட்ட காசுகள் பல்லாயிரக்கணக்கில் வெளியே போயிருந்தன. யாருடைய வீட்டுக் கடனும் அடையவில்லை.

மறுபுறம் டான் லூட்ஸ் கதை இருக்கிறது. 1943இல், போருக்குச் செம்பு தேவைப்பட்டதால் அமெரிக்கா ஒரு சென்ட் காசைத் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தது. 1947இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 16 வயது மாணவராக இருந்த லூட்ஸுக்குப் பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் கிடைத்த சில்லறையில் செம்பு நிறத்தில் 1943 காசு ஒன்று இருந்தது. நாணயச் சாலையில் மிச்சமிருந்த பழைய தகடு சில, எஃகுத் தகடுகளோடு கலந்துவிட்டதால் பிறந்த பிழை அது. அவர் அரசுக் கருவூலத்துக்கு எழுதிக் கேட்டார். அந்த ஆண்டுக் காசு எல்லாமே எஃகுதான் என்று பதில் வந்தது. அவர் சண்டை போடவில்லை, காசைத் தூக்கி எறியவும் இல்லை. சேகரிப்பில் வைத்துக்கொண்டார். 2018இல் அவர் மறைந்தார். 2019 ஜனவரியில் அந்தக் காசு 204,000 டாலருக்கு ஏலம் போனது. பணம் அவருடைய ஊர்ப் பொது நூலகத்துக்குப் போனது. அப்படிப்பட்ட காசுக்குக் கட்டணம் ஒரு பொருட்டா? அந்தக் கதையால் உலகத்தில் எத்தனை போலிகள் வந்தன என்பதையும் சொல்ல வேண்டும். எஃகுக் காசுக்குச் செம்புப் பூச்சு போட்டார்கள். 1948 காசில் 8ஐச் செதுக்கி 3 ஆக்கினார்கள். முதல் வகையைப் பிடிக்க ஆய்வகம் வேண்டாம், ஒரு காந்தம் போதும்.

அந்தக் காந்தம் நமக்கும் பயன்படும். மலேசியாவின் ஒரு காசு 1967இல் வெண்கலத்தில் தொடங்கியது. 1970களில் செம்பு பூசிய எஃகுக்கு மாறியது. உலக நாணயப் பட்டியல்கள் 1976ஆம் ஆண்டின் வெண்கல ஒரு காசை மிக அரிதானது என்று தனியாகக் குறிக்கின்றன. 1976 என்று எழுதிய ஒரு காசு ஏராளம் உண்டு. அவை காந்தத்தில் ஒட்டும். ஒட்டாத ஒன்று அகப்பட்டால், அதைக் கழுவாமல், படம் எடுத்து, எடை பார்த்து, அறிந்தவரிடம் காட்டி, கிரேடிங் பற்றி உண்மையாகவே யோசிக்கத் தொடங்கலாம். 2008 ஏப்ரல் 1இல் சில்லறையை ஐந்து சென்னுக்கு முழுமையாக்கும் முறை வந்ததில் இருந்து ஒரு காசு கடைகளில் புழங்குவதில்லை. எல்லாம் டின்களில்தான் தூங்குகின்றன, அதிலும் தோட்டத்து வீட்டு டின்களில்.

மையம் விலகிய பத்துக் காசை என்ன செய்வது என்று பாட்டியிடம் கேட்டபோது, எண்பது வெள்ளி என்றதும் சிரித்தார். "அந்த விலைக்குக் குடுக்கிறதா இருந்தா அப்பவே கடையில குடுத்து முட்டாய் வாங்கித் தின்னிருப்பேன்." பேத்தியும் வற்புறுத்தவில்லை. வார இறுதியில் ஒரு பேரங்காடியில் பணம் வாங்கும் வேலையில் சேர்ந்தாள். மடிக்கணினி பழையது ஒன்று அதில் வந்துவிட்டது. மஞ்சள் துணியை எடுத்துவிடச் சொன்னேன், ஈரம் இழுக்கும். பச்சைப் பிசுக்கு விடும் மென்மையான பிவிசி உறையும் வேண்டாம் என்றேன். காசு சேகரிப்பாளர்கள் பயன்படுத்தும் கெட்டியான சிறு பிளாஸ்டிக் கூடு ஒன்றை நான் கொடுத்தேன். பாட்டி காசைக் கூட்டுக்குள் வைத்து, அந்தக் கூட்டையே மஞ்சள் துணியில் முடிந்துவிட்டார்.

அதே வீட்டில் ஒரு காசு நிறைந்த டின்கள் மூன்று இருந்தன. முதல் டின்னில் 1976 என்று எழுதிய காசு 41 பொறுக்கினோம். காந்தத்தைக் காட்டியதும் நாற்பத்தொன்றும் எகிறி ஒட்டிக்கொண்டன. மற்ற இரண்டு டின்னையும் அவள் விடுமுறைக்கு வரும்போது பார்ப்பதாக இருக்கிறோம்.